வால்வும் டிரான்ஸிஸ்டரும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. ஆயினும் தனியார் தொழிலை அடியோடு விலக்கிவிடவில்லை. அதே ஆவடியில் இன்று வீட்டிலிருந்தபடி சங்கீதம் கேட்கும் நேயர்களுக்கும் அத்தகைய சமரசத்தையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

ஆம்ப்ளிபயர் விஷயத்தில் கட்சிகள் இரண்டு. வால்வில் குரல் குழைகிறது என்பர் ஒரு சாரார். 1947-இல் பிறந்த டிரான்ஸிஸ்டரில்தான் மிருதங்கத்தின் தொப்பி அதிர்கிறது என்பர் மற்றவர். இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தலாம். வால்வு மின்னழுத்தத்தை நன்கு பெருக்கும்; ஆனால் 8 ஓம் ஸ்பீக்கரை இயக்க அதற்கு டிரான்ஸ்பார்மரின் தயவு வேண்டும். டிரான்ஸிஸ்டரோ மின்னோட்டத்தைத் தானே தாராளமாக வழங்கும். ஆகவே முன்வரிசையில் வால்வு, பின்வரிசையில் டிரான்ஸிஸ்டர்.

ஆனால் ஒரு நிபந்தனை. வால்வு சூடேற அரை நிமிஷமாவது ஆகும். முதலில் அதை ஏற்றி, நிதானத்துக்கு வந்தபின் டிரான்ஸிஸ்டரை ஏற்றுக. அணைக்கும்போது டிரான்ஸிஸ்டரே முதலில். முறை தவறினால், வால்வின் தடுமாற்றம் பன்மடங்கு பெருகி ஸ்பீக்கரின் கம்பிச் சுருளையே கருக்கிவிடக் கூடும். கூட்டு மந்திரிசபையில் யார் முதலில் எழுந்திருப்பது என்பது அற்ப விஷயமன்று!