தாத்தா வீட்டு டெலிபோனை வரையலாமா?

பரணைச் சுத்தம் செய்யும்போது, தூக்கிப்போட மனசு வராத, வைத்துக்கொள்ளவும் இடம் இல்லாத பொருள் ஒன்று கட்டாயம் கைக்கு வரும். பல வீடுகளில் அது டயலைச் சுழற்றும் பழைய கறுப்பு டெலிபோன். பழைய பேப்பர்காரரிடம் போட்டால் எடைக்குத்தான் காசு. செல்போனில் ஒரு படம் எடுத்தால், ஆயிரம் படங்களுக்குள் அதுவும் புதைந்துவிடும். ஒரு பென்சிலும் அரை மணி நேரமும் இருந்தால், போடுவதற்கு முன் அதை வரைந்து பார்க்கலாம்.

டயலில் தொடங்குங்கள். ஞாபகத்திலிருந்து வரைந்தால், பத்து ஓட்டைகளையும் கடிகார எண்கள்போல வட்டம் முழுக்கச் சமமாகப் பரப்பத் தோன்றும். நிஜத்தில் 1-க்கும் 0-க்கும் நடுவே, வலப்பக்கம் கீழே, ஓர் இடைவெளி உண்டு. விரலைத் தடுத்து நிறுத்தும் சின்னக் கொக்கி அங்கேதான் இருக்கும். அதுவரை சுழற்றி விட்டதும் டயல் திரும்பி வரும். அப்போது லைன் விட்டுவிட்டுத் துண்டாகிச் சேரும். 1-க்கு ஒரு முறை, 0-க்குப் பத்து முறை. நம்பரில் 0 நிறைய இருந்தால் விரல் வலித்தது இதனால்தான்.

டயலில் குட்டிப் பூட்டு தொங்கிய வீடுகளும் உண்டு. டெலிபோன் பில் எகிறாமல் இருக்க அப்பா செய்த ஏற்பாடு. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ரிசீவரை வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை எண்ணி எண்ணித் தட்டியே நம்பர் போட்டார்கள். அதுவும் லைனைத் துண்டித்துச் சேர்க்கும் வேலைதானே! பூட்டு உரசிய கீறல் இருந்தால், படத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

கறுப்பு போன் என்பதால் மொத்தத்தையும் கறுப்பாகத் தீட்டக் கூடாது. ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ரிசீவரின் முதுகில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழும். அந்த இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டால், பளபளப்பு தானாக வந்துவிடும். தினமும் கை பிடித்த நடுப்பகுதி மட்டும் மங்கியிருக்கலாம். அங்கே பென்சிலை மென்மையாக ஓட்டினால் போதும்.

வரையும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு வீட்டு போன்தான் தெருவுக்கே போன். பக்கத்து வீட்டு நம்பரை 'பி.பி.' என்று போட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தவர்கள் உண்டு. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மணி எப்போது அடிக்கும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. பிரசவச் செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே மணிச் சத்தத்தில்தான் வந்தன. யாருடைய செய்தி, யார் எடுத்தார்கள், யார் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கருவியில் பதிவாகவில்லை. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்ததும் தேதி போட்டு, அடியில் அந்தப் பழைய நம்பரை எழுதுங்கள். டயலின் நடுவே இருந்த சீட்டு அழிந்திருந்தால் கவலை வேண்டாம். பாட்டியிடம் கேளுங்கள். நேற்று வாங்கிய சிம் கார்டின் நம்பர் அவருக்கு ஞாபகம் இருக்காது, அது இருக்கும்.