படுக்கையறைக்கு எந்தத் தொலைக்காட்சி?

மலிவு விற்பனை என்றதும் பெரிய திரையை நாடி ஓடுவது எம்மவரின் வழக்கமாகிவிட்டது. இலண்டனில் ஓர் அறையை இருவர் பகிர்ந்து வாழும் எமது நிலைக்கு அது பொருந்துமா என்று நாம் சிந்திப்பதில்லை.

இரவு வேலை முடித்தவர் பகலில் உறங்குகிறார். அருகில் மற்றவர் செய்தி பார்க்கிறார். ஆதலால் காதில் மாட்டும் ஹெட்போனுக்கான துளையோ புளூரூத் வசதியோ பெட்டியில் உண்டா என்பதையே நாம் முதலில் பார்க்கவேண்டும். விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் இவை இருப்பதில்லை. கட்டிலிலிருந்து ஆறடித் தொலைவுக்கு 32 அங்குலத் திரை, அதாவது மூலைக்கு மூலை 81 சென்ரிமீற்றர், தாராளமாகப் போதும். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் நிறம் மங்குகிறதா என்பதைக் கடையிலேயே கவனித்தல் நன்று.

பிரித்தானியாவில் ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு ஒரே தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் போதுமானது. அறையைத் தனி ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தவரோ, நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதாயின், தமக்கெனத் தனியாகப் பெறவேண்டும். தவறினால் 1000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். இச்செலவையும் விலையோடு சேர்த்தே நாம் கணக்கிடவேண்டும்.

உழைத்துக் களைத்தவரின் உறக்கத்தைப் பறிக்கும் பெட்டி, எவ்விலைக்கு வாங்கினும் மலிவன்று.