பெயர்ப் பட்டியல்களின் மறுபக்கம்

பழைய ஏற்பாட்டை வாசிப்போரிற் பலர், வம்ச அட்டவணைகள் வந்ததும் பக்கங்களைப் புரட்டி விடுவர். முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்களே. சலிப்பு ஏற்படுவது இயல்புதான். ஆயினும், எபிரேயருக்கு இவை வெறும் பெயர்கள் அல்ல. காணிக்கும் ஆலயப் பணிக்கும் உரிய உறுதிப் பத்திரங்கள்.

பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 538 அளவில் அனுமதியளித்ததைத் தொடர்ந்து, பாபிலோனிலிருந்து யூதேயாவுக்குத் திரும்பியோர் 42,360 பேர் என்கிறது எஸ்றாவின் நூல். அவர்களுள் 652 பேரால் தாம் இஸ்ரவேலர் என்பதை நிரூபிக்க முடியவில்லை. (இதே பட்டியலைத் தரும் நெகேமியாவில் இத்தொகை 642. கணக்கெடுப்பில் முரண்பாடு அன்றும் இருந்திருக்கிறது!) ஆசாரியர் குடும்பங்கள் மூன்றின் பெயர்கள் ஏட்டில் அகப்படாமையால், அவர்கள் தீட்டானவர்கள் எனப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்று பர்சிலாய் குடும்பம். அதன் முன்னோன் தன் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவன்.

அதே நூலின் பத்தாம் அதிகாரம் இன்னும் கொடியது. அந்நியப் பெண்களை மணந்த ஆண்கள், மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட உடன்படுகின்றனர். ஆண்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்தானும் அங்கு இல்லை.

பட்டியல் என்றாலே விலக்குவதற்கான கருவி என்று இதனைக் கொண்டு முடிவு செய்வது தவறு என்பதே எனது கருத்து. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம். ரூத்தின் நூலோ பாரேஸ் முதல் தாவீது வரை பத்துப் பெயர்களுடன் முடிகிறது. அதில் எட்டாவதான ஓபேத், மோவாபியப் பெண்ணான ரூத் பெற்ற பிள்ளை; தாவீதின் பாட்டன். இந்நூல் எஸ்றாவின் கடுமைக்கு எழுந்த மறுப்பு என ஆய்வாளர் சிலர் கருதுவர். நூலின் காலம் குறித்து அவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

எவரும் அதிகம் பேசாத சான்று நாளாகமத்திலேயே கிடக்கிறது. யூதா கோத்திரத்துச் சேசானுக்கு ஆண் பிள்ளைகள் இல்லை. தன் மகளை யர்கா என்னும் எகிப்திய ஊழியனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். அவர்களது மகன் அத்தாய் தொடக்கம் எலிசாமா வரை பதின்மூன்று தலைமுறைகள் யூதாவின் வம்சத்திலேயே எழுதப்பட்டுள்ளன. எகிப்தியன் என்ற சொல்லையும் எவரும் அழித்து விடவில்லை.