டவுன் சென்டர் சும்மா இருந்த நேரம்

பொங்கல் லீவுக்கு வந்த அக்கா மகன் என் லேப்டாப்பில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ ஏற்றிவைத்துவிட்டுச் சொன்னான்: “காலேஜ் படிக்கிறப்ப நீங்க இதுல பெரிய கையாமே மாமா, அம்மா சொன்னாங்க. ஒரு ரேங்க்டு மேட்ச் போடுங்களேன், பாப்போம்.”

பெரிய கைதான். 1999-ல் வந்த ஆட்டம் அது. எங்கள் கைக்கு வந்தது 2002-ல், திருச்சி தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய்க்கு. அரை மணி நேரம் யாரும் யார் எல்லைக்கும் போகக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். சுவர் எழுப்பி, கோட்டை கட்டி, பாரசீகத்து யானைகளைச் சேர்த்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புவோம். அதற்குள் பாதிப் பேர் காசு தீர்ந்து எழுந்து போயிருப்பார்கள். அப்படிக் கிடைத்த வெற்றிகளும் என் கணக்கில் உண்டு.

அந்த அனுபவத்தை நம்பி, 2019-ல் புதுப்பித்து வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் முன்பின் தெரியாத ஒருவரோடு மோதினேன். எந்த நாட்டுப் படை என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை, திராவிடர். 2022-ல் சேர்த்த படை. ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான். எனக்கு மீசை துடித்தது. பக்கத்தில் இருந்தவன் மட்டும், “இவங்களுக்கு நைட் கிடையாது மாமா, தெரியுமில்ல?” என்றான். நைட் என்பவன் கவசம் போட்ட குதிரைவீரன். புதிதாக வருகிறவர்கள் பலர் முதலில் பழகுவதே அவனை வைத்துத்தானாம். எனக்கெங்கே தெரியும்?

பதினோராவது நிமிடம், விறகு வெட்டிக்கொண்டிருந்த என் ஆட்கள் மேல் அம்பு விழுந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒன்பது வில்லாளிகள். என்னிடம் படை என்று சொல்லிக்கொள்ள, குதிரையில் ஊர் சுற்றும் ஸ்கவுட் ஒருத்தன். அவனும் ஏதோ ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தான். இருபது நிமிடத்துக்குள் கதை முடிந்தது. எதிராளி போகிறபோது 11 என்று தட்டினார். அந்த எண்ணைத் தட்டினால் ஸ்பீக்கரில் ஒருவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பு இத்தனை வருடத்தில் கொஞ்சமும் மாறவில்லை.

அடுத்தடுத்து எட்டு ஆட்டம் தோற்றேன்.

அதில் பாதிக்கு நான் பொறுப்பில்லை என்று பிறகு விளங்கியது. புதிதாக வருகிற யாருக்கும் இந்த ஆட்டம் 1000 என்று ஓர் எலோ எண்ணைக் கொடுத்து உள்ளே விடுகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ சதுரங்கத்துக்காகப் போட்ட கணக்கு அது. 1970-ல் உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கு நடுவே 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலசாலி பதினோரு ஆட்டத்தில் பத்தை ஜெயிப்பான் என்று அந்தக் கணக்கு சொல்லும். கணக்கு சரி, தொடங்குகிற இடம்தான் இடிக்கிறது. 1000 என்பது வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருப்பவர்கள் நிற்கிற நடுப்படி. நான் 600-க்குத்தான் லாயக்கு. மாடியில் ஏற்றிவிட்டு, நீயாக உருண்டு உன் படிக்கு வந்து சேர் என்கிறார்கள். உருண்டு முடிப்பதற்குள் எத்தனை பேர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்களோ! இணையத்தில் சதுரங்கம் ஆடச் சேர்கிறபோது ‘நீங்கள் புதியவரா, ஓரளவு ஆடுவீர்களா?’ என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியை இங்கேயும் வாசலில் கேட்டிருக்கலாம்.

மீதிப் பாதி என்னுடைய குற்றம். ஆனால் அது எந்தக் குற்றம் என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஆட்டத்தின் நிஜமான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கேரமில் ரெட்டை விட்டோம் என்றால் விட்டது கண்ணெதிரே தெரியும். சதுரங்கத்தில் ராணியைக் கொடுத்த அந்த நகர்த்தல் மனசில் நிற்கும். இதில் எதிராளியின் பக்கம் முழுக்கக் கறுப்புத் திரை. உங்கள் ஆள் நடந்து போய்ப் பார்க்கிற வரை அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. பார்க்காதவனுக்கு ஒன்பது வில்லாளிகள் மாயமாக வந்து குதித்தது போலத்தான் இருக்கும். மாயத்தை எதிர்த்து எவன் பயிற்சி எடுப்பான்? இது நமக்கு ஆகாது என்று எழுந்துவிடுவான்.

எட்டாவது தோல்வி அன்று ராத்திரி அக்கா மகன் பதிவாகியிருந்த முதல் ஆட்டத்தை ஓடவிட்டான். பதிவில் திரை கிடையாது, இரண்டு பக்கமும் தெரியும். நான் எதிராளியின் வில்லாளிகளைத் தேடினேன். அவன் என் ஊர் நடுவில் இருந்த கட்டடத்தைக் காட்டினான்.

“டவுன் சென்டரப் பாருங்க மாமா. எவ்வளவு நேரமா சும்மா நிக்குது?”

நான் காட்டுப்பன்றியை இழுத்துவரும் மும்முரத்தில் இருந்தேன். ஓர் ஆட்டில் 100 உணவு என்றால் பன்றியில் 340. ஆனால் 25 உயிர்ப்புள்ளி உள்ள என் ஆளை அது முட்டித் தள்ளிவிடும் என்று நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் ஊரில் புது ஆள் யாரும் பிறக்கவில்லை. டவுன் சென்டரிலிருந்து ஒரு வில்லேஜர் வர 50 உணவும் 25 நொடியும் போதும். ஆறாவது நிமிடத்திலிருந்து விட்டு விட்டு, மொத்தம் நாலு நிமிடம் அந்தக் கட்டடம் சும்மா நின்றிருக்கிறது. அவன் விரல் விட்டு எண்ணினான்: ஒன்பது ஆள். ஒன்பது பேர் வெட்டாத மரம், ஒன்பது பேர் உழாத நிலம். வட்டிக்கு வட்டி போல அது ஏறிக்கொண்டே போகும். அம்பு விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே நான் தோற்றுவிட்டேன்.

“அவரு உங்கள ஜெயிக்கவே இல்ல மாமா. அவரு கடைய மூடாம வச்சிருந்தாரு, அவ்வளவுதான்.”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இன்னொரு ஆட்டம் போடலாம் என்று தோன்றியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவரை போட்டதெல்லாம் ரோஷத்தில்.

1999-லேயே இந்த ஆட்டத்தில் பாடம் உண்டு. ஸ்காட்லாந்து வில்லியம் வாலஸை முன்னே நிறுத்தி, இங்கே நட, அங்கே வீடு கட்டு என்று சொல்லித் தருவார்கள். ஓட்டுநர் பள்ளியில் காலி மைதானத்தில் எட்டுப் போடுவது மாதிரி. ராத்திரி எட்டு மணிக்கு சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடக்க அது உதவாது. புதுப் பதிப்பில் ஆர்ட் ஆஃப் வார் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பொருளாதாரத்துக்கே ஒரு பாடம், எவ்வளவு வேகமாக முடிக்கிறோமோ அதற்கேற்ற பதக்கம். மூன்று நாள் அதையே போட்டேன். என்னைத் திருத்தியது அந்த மூன்று நாள்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நடுவில் அக்கா மகனுக்கு என் மேல் இரக்கம் வந்து, “இருபது நிமிஷம் உங்க பக்கமே வரமாட்டேன்” என்று ஒரு சலுகை கொடுத்தான். தில்லைநகர் ஒப்பந்தமேதான். இருபது நிமிடம் முடிந்தபோது என்னிடம் 38 பேர், அவனிடம் 80. சமாதானம் பலசாலிக்குத்தான் லாபம் என்பது எங்கள் காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

சின்ன வயதில் தெருவில் நொண்டி ஆடும்போது யார் வீட்டுத் தம்பியாவது அழுதுகொண்டு நின்றால் சேர்த்துக்கொள்வோம். ஒப்புக்குச் சப்பாணி. (இப்போது யோசித்தால் பெயரே நன்றாயில்லை.) அவன் ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கிடையாது, கணக்கிலும் வரமாட்டான். இரண்டு நாள் சந்தோஷமாக இருப்பான். மூன்றாம் நாள் யாரையோ தொட்டுவிட்டு, அது செல்லாது என்று தெரிந்ததும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விடுவான். இருபது நிமிடச் சலுகையில் எனக்கும் அதே நிலைமை.

கோ என்ற பலகை ஆட்டத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தரவரிசையில் எத்தனை படி கீழே இருக்கிறோமோ அத்தனை கல்லை முதலிலேயே பலகையில் வைத்துக்கொள்ளலாம், ஒன்பது வரை. அப்புறம் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் முழு மூச்சாக ஆடுவார்கள், வெற்றியும் செல்லும். அந்தக் கல்லுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையனைச் சேர்த்துக்கொண்டேன். நாங்கள் இருவர், அக்கா மகன் ஒருவன். ஒரு மணி நேரம் ஆடித் தோற்றோம். அவனுக்கு வியர்த்திருந்தது. பையன் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினான்.

வெளியே எல்லாரும் அக்கா மகனைப் போல இல்லை. தாங்களாகக் கூடி ஆடும் லாபிகளில் நம் எண்ணைப் பார்த்ததும் வெளியே தள்ளிவிடுவார்கள். இரண்டாவது கணக்குத் தொடங்கிக் கீழ்ப்படியில் வந்து அடிக்கிற ஸ்மர்ஃப்களும் உண்டு. 1990-களில் வார்கிராஃப்ட் 2 ஆடிய இரண்டு கெட்டிக்காரர்கள், பெயரைப் பார்த்தே எதிராளிகள் ஓடுகிறார்கள் என்று பாப்பா ஸ்மர்ஃப், ஸ்மர்ஃபெட் என மாறுபெயரில் வந்தார்களாம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்காவது ஆடக் கிடைக்கவில்லை என்ற காரணம் இருந்தது. இப்போது வருகிறவர்களுக்கு என்ன கஷ்டமோ.

இதற்கு நேர்மாறாக, டி90 என்ற அமெரிக்க வர்ணனையாளர் கடைசிப் படியில் இருப்பவர்கள் ஆட்டத்தையே தேடிப்பிடித்து ‘லோ எலோ லெஜண்ட்ஸ்’ என்று வர்ணனை செய்கிறார். சிரிப்பார், ஆனால் கூடவே சிரிப்பார். கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்று நாமும் நகம் கடித்துக்கொண்டிருப்போம்.

அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான். போன ஞாயிறு என் பதினான்காவது ஆட்டம். எண் 800-க்குப் பக்கம் இறங்கியிருந்தது, எதிரே இருந்தவரும் அதே அளவு. முப்பத்தெட்டாவது நிமிடம் ஜெயித்தேன். திராவிடப் படைதான், விடவில்லை. அவர் ‘ஜிஜி’, அதாவது நல்ல ஆட்டம், என்று தட்டினார். நான் பதில் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பதிவை ஓடவிட்டேன். ஏழாவது நிமிடம் அவருடைய டவுன் சென்டர் சும்மா நின்றுகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, இன்னும் நின்றது. பன்றி ஒன்று அவருடைய ஆளைத் துரத்திக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று பெயரைத் தேடினேன். ஆள் வெளியே போயிருந்தார்.