மேல்காற்றும் டவுன் பஸ்ஸும்

சைக்கிளில் போகிறவர்கள் இடது ஓரமாகப் போக வேண்டும் என்று எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். திருச்சியில் அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். போகவர சைக்கிள்தான். பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. வாடகை சைக்கிளில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு பழகியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது ஊர் வாய்க்குத்தான் பயம். இப்போது கேலி பேச ஆள் இல்லை. சைக்கிள் ஒன்று வருவதே யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓரம் என்றேனே, அது இப்படித்தான் இருக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய இடம் ஒரு மழைக்கே உள்வாங்கி நீளமான பள்ளமாகக் கிடக்கும். அதைத் தாண்டினால் மணல். மணலையும் தாண்டினால் நிறுத்தி வைத்த கார். மார்கழியில் சித்திரை வீதியில் வெளியூர் வேன்களும் சேர்ந்துகொள்ளும். அப்படி நின்ற கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்து என் முழங்கையைப் பெயர்த்திருக்கிறது. இறங்கியவர் கேட்டது: "பாத்து வரக் கூடாதாம்மா?"

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். காவிரிப் பாலம் வேறு விஷயம்.

1976-ல் திறந்த பாலம் அது. 2022-23-ல் மாதக்கணக்கில் மூடி ஜாயிண்டுகளை மாற்றினார்கள். தடதடப்பு குறைந்தது, வண்டிகளின் வேகம் கூடியது. காவிரி கிழக்கே ஓடுகிறது, பாலம் தெற்கு வடக்காகக் கிடக்கிறது, ஆடி மாதத்து மேல்காற்று பாலத்தின் குறுக்கே அடிக்கிறது. காலையில் டவுனுக்குப் போகும்போது நமக்குக் கிழக்கு ஓரம். வலப்பக்கத்திலிருந்து வரும் காற்றை எதிர்த்து, உடம்பை வலது பக்கம் சாய்த்துத்தான் மிதிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வரும். காற்றை அது மறைத்த கணமே, சாய்ந்திருந்த உடம்பு பஸ் பக்கம் விழப் பார்க்கும். நிமிர்ந்து சமாளிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும், காற்று மறுபடி ஓங்கி அறையும். சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. அவர்கள் கண்ணுக்கு நாம் தள்ளாடுகிறோம்.

சாயங்காலம் இன்னும் மோசம். வடக்கே பார்த்து வரும்போது நமக்கு மேற்கு ஓரம். காற்று நேராக வண்டிகள் பக்கமே தள்ளும். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகாவிட்டால் பாய் விரித்த படகுதான். போதாததற்கு, காற்று வாங்க வந்தவர்கள் பைக்கை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வராது, இந்த ஊரில் ஆடிக் காற்றை விட்டால் வேறு என்ன சுகம்? ஆனால் அந்த பைக்கைச் சுற்றிக்கொண்டு நான் போக வேண்டிய இடத்தில் பஸ் டைமிங்கைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்கிறாள் மகள். ஹெல்மெட் போடு என்கிறார் கடைக்காரர். போடலாம், விழுந்தால் மண்டை தப்பும். பஸ்ஸை அது தள்ளி ஓட்டாது. அது போக, கணக்கு எழுதுகிற சம்பளத்தில் பெட்ரோலும் தவணையும் கட்டுகிற கதை வேறு. 2001-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டத்தில் இன்றும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. மாம்பழச் சாலை சிக்னலில் பையும் தண்ணீர் பாட்டிலுமாக எனக்கு முன்னால் நிற்பது அந்த சைக்கிள்கள்தான். சைக்கிளைக் கொடுத்த கை, அதை ஓட்ட நாலடி இடத்தையும் ஒதுக்கியிருக்க வேண்டாமா?

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. காவிரியில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் கட்டுகிறார்கள். கொள்ளிடத்தில் 2016-ல் புதுப் பாலம் வந்த பிறகு, 1928-ல் கட்டிய பழைய பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் அதில் காலாற நடந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது இடிந்து விழுந்தது தனிக் கதை. காவிரிப் பழைய பாலத்தை அப்படி முழுசாகக் கேட்கவில்லை. போக்குவரத்து இரண்டு பாலங்களுக்கும் பிரியும்போது, பழையதில் ஒரு தடத்தைக் கட்டை வைத்துப் பிரித்து சைக்கிளுக்கு விடட்டும். வெறும் வெள்ளைக் கோடு போதாது, கோட்டின் மேல்தான் பைக்கை நிறுத்துவார்கள்.

இன்னொன்று, வரைபடம் போடுகிறவர்கள் கவனத்துக்கு. போக, வர இரண்டுக்கும் தடம் கிழக்குக் கைப்பிடியை ஒட்டியே இருக்கட்டும். மேல்காற்று தள்ளினால் கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்வோம், பஸ்ஸில் இல்லை.