கையோடு வரும் மின்சாரம்: தொழிற்கருவியா, தவணைச் சுமையா?

சூரியன் மறைந்த பின்னும் வானத்தில் நீலம் தங்கியிருக்கும் நேரம் பெங்களூரில் இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. திருமணத்துக்கு முன்பாக வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வரும் மணமக்கள் பெரிதும் விரும்பிக் கேட்பது அந்த நேரத்துப் படங்களைத்தான். வானம் கறுக்கும் முன் இருவர் முகத்திலும் விளக்கொளி அளவாக விழ வேண்டும். அந்த நிமிடத்தில் விளக்கு அணைந்துபோனால் காலையிலிருந்து பட்ட பாட்டின் பயன் பாதியாகிவிடும். ஏரிக்கரையிலும் நந்தி மலை அடிவாரத்திலும் பிளக் பாயிண்ட் தேடிப் பயனில்லை. ஜெனரேட்டர் கொண்டுபோகலாம், ஆனால் அதன் இரைச்சல் காணொளியில் பதிந்துவிடும், புகை அருகில் நிற்பவர்களை விரட்டும், பூங்காக்களின் வாயிற்காவலரோ அதை உள்ளே விடவே மாட்டார்.

இந்த இக்கட்டைத் தீர்க்கவென்று சில ஆண்டுகளாகக் கடைகளில் ‘பவர் ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஒரு பெட்டி விற்கிறது. டிபன் கூடை அளவே இருக்கும் அதனுள் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அடங்கியுள்ளன. வீட்டில் சார்ஜ் செய்து எடுத்துச் சென்றால், வீட்டுச் சுவரில் கிடைக்கும் அதே மின்சாரம் வெட்டவெளியில் கிடைக்கும். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிறு ஸ்டுடியோ நடத்துபவர்கள் இதை வாங்கலாமா, எதை வாங்கலாம், எந்தப் பணத்தைக் கொண்டு வாங்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் காலம் இது. நம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். சிறிய பெட்டியை விலைக்கு வாங்குங்கள். பெரிய பெட்டியை வாடகைக்கு எடுங்கள். கடன் வேண்டுமாயின் தொழிற்கடனாகவே கேளுங்கள். இந்த மூன்றையும் சொல்வதற்கு நமக்குக் காரணங்கள் உண்டு.

பெங்களூருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பழைய உறவை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1905 ஆகஸ்ட் 5 அன்று இந்நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. ஆசியாவிலேயே இதுதான் முதல் நகரம் என்று பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. ஆனால் சிவனசமுத்திர அருவியில் பிறந்த அந்த மின்சாரம் முதலில் வந்தது பெங்களூருக்கு அன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிவழியே அது கோலார் தங்க வயலுக்குச் சென்றுவிட்டது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் பல்லாயிரவர் வியர்வை சிந்திய சுரங்கங்கள் அவை. திவான் சேஷாத்ரி ஐயர் முன்னின்று வளர்த்த அத்திட்டத்துக்குப் பணம் இறங்கியதற்கு முதன்மையான காரணம், மின்சாரத்தை வாங்கத் தயாராக ஒரு சுரங்கம் இருந்ததுதான். ஆக, ஈட்டித் தரும் இடத்துக்கே மின்சாரம் முதலில் போயிற்று. நகருக்கு வெளிச்சம் வரப் பின்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. தோளில் தொங்கும் இந்தச் சிறு மின்நிலையத்தையும் அதே கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம். அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு வருமானத்தைக் காப்பாற்றுகிறது என்பதே முதற்கேள்வி.

இரண்டாவது கேள்வியில் பலர் இடறிவிடுவதால் அதைச் சற்று விளக்குவோம். பெட்டியின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: ஒன்று வாட், மற்றொன்று வாட்-மணி. வங்கி வாடிக்கையாளருக்கு இதைப் புரியவைப்பது எளிது. வாட்-மணி என்பது கணக்கில் உள்ள இருப்பு. வாட் என்பது ஏ.டி.எம்மில் ஒரே முறையில் எடுக்கத்தக்க தொகையின் உச்சவரம்பு. இருப்பு எவ்வளவு இருந்தாலும் வரம்புக்கு மேல் எடுக்க இயலாது. வரம்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இருப்பு தீர்ந்தபின் பயனில்லை. 300 வாட்-மணிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சத்தை வெப்பமாக உண்டுவிடும். நம் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 250. இது 100 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இரண்டரை மணி நேரம் எரிக்கும். கேமரா பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 16 வாட்-மணி அளவில் இருப்பதால், அரை டஜன் பேட்டரிகளை நிரப்பிய பின்னும் பெட்டியில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

ஃபிளாஷ் விளக்கின் கணக்கு இன்னும் வியப்பானது. ஸ்டுடியோக்களில் உள்ள 400 ஜூல் ஃபிளாஷ் ஒருமுறை மின்னுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஒரு வாட்-மணியில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஏட்டுக் கணக்குப்படி 250 வாட்-மணியில் இரண்டாயிரம் முறைக்கு மேல் மின்னலாம். நடைமுறை இழப்புகளைக் கழித்து அதில் பாதியே கிடைத்தாலும் ஒரு நாள் வேலைக்கு அதற்கு மேல் யாருக்குத் தேவை? ஆனால் ஃபிளாஷுக்கு ஒரு குணம் உண்டு. மின்னி முடித்தவுடன் மீண்டும் நிரம்புவதற்காக ஒரு நொடியில் பெருமளவு மின்சாரத்தை இழுக்கும். அந்த இழுப்பு பெட்டியின் வாட் வரம்பைத் தாண்டினால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் ஃபிளாஷைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, முழு விசையில் தொடர்ந்து இருபது முறை மின்னவைத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதா என்பதையும் கேளுங்கள்.

டி.என்.ஏ. பெருமாள் அவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெங்களூரில் வாழ்ந்து 2017ஆம் ஆண்டில் மறைந்த அந்தத் தமிழர், இந்தியக் கானுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இத்தகைய பெட்டிகள் கனவிலும் இல்லாத காலத்திலேயே ஃபிளாஷின் துணைகொண்டு இரவு நேர உயிர்களைப் படமெடுத்தவர். கருவி குறைவாயினும் ஒளியைக் கட்டாகச் செலவிடத் தெரிந்தவர்களுக்குக் காடு தன்னைக் காட்டியது. இன்று இளைஞர் பலர் படமெடுக்கும் வேலைக்கும் 200, 300 வாட் எல்.இ.டி. விளக்குகளையே தொடர்ந்து எரிக்கின்றனர். அவை தின்னும் மின்சாரத்துக்கு ஈடுகொடுக்க 1,000 வாட்-மணிப் பெட்டியைத் தேடுகின்றனர். காணொளிக்கு அவ்விளக்கு வேண்டும், மறுக்கவில்லை. நிலைப்படத்துக்கு ஃபிளாஷ் போதும் எனும்போது, பெரிய பெட்டிக்கான தேவையே பாதி மறைந்துவிடுகிறது.

இனிப் பணக் கணக்கு. சிறிய பெட்டியின் விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,412 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது 33,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதம் நான்கு வெளிப்புற வேலைகள் என்று கொண்டால் மூன்றாண்டில் 144 வேலைகள். ஒரு வேலைக்கு 235 ரூபாய் விழுகிறது. உதவியாளருக்கு வாங்கித்தரும் சாப்பாடு, தேநீர்ச் செலவு அளவுதான். இப்போது 90,000 ரூபாய்ப் பெட்டிக்கு வருவோம். அதே வட்டி, அதே காலம் என்றால் தவணை 4,237 ரூபாயாகிறது. ஒரு வேலைக்கு 706 ரூபாய். அதன் முழுத் திறனும் தேவைப்படுவது இருபது வேலைகளில் ஒன்றுக்குத்தான் என்றால், மீதிப் பத்தொன்பது வேலைகளும் அந்த ஒன்றின் சுமையைச் சுமக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையையும் கூடவே சுமக்கின்றன. குன்றேறும் உதவியாளரைக் கேட்டால் தெரியும்.

வாடகை என்றதும் தயங்குபவர்களுக்குக் கர்நாடகத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட செல்கோ நிறுவனம் 1995 முதல் சூரிய ஒளி விளக்குகளை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்து வருகிறது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஹரிஷ் ஹண்டே 2011ஆம் ஆண்டில் ரமோன் மகசேசே விருது பெற்றார். தெருவோர வியாபாரிகளுக்கு விளக்கை விற்பதோடு, ஒரு தொழில்முனைவோர் பகலில் பேட்டரிகளைச் சார்ஜ் செய்து மாலையில் தள்ளுவண்டிகளுக்கு நாள்வாடகைக்கு விளக்கு தரும் ஏற்பாட்டையும் அந்நிறுவனம் வளர்த்தது. ஒளிப்படக் கலைஞர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு பெரிய பெட்டியை வாங்கி, தேவைப்படும் நாளில் தங்களுக்குள் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் என்ன? முகூர்த்த நாளில் ஐவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்குமே என்ற கேள்வி நியாயமானது. அதற்குத்தான் ஆளுக்கொரு சிறிய பெட்டி.

ஹண்டே பல மேடைகளில் கூறிய இன்னொரு செய்தி வங்கியாளருக்கே உரியது. மாதம் 300 ரூபாய் தர இயலாது, நாளுக்குப் 10 ரூபாய் தர இயலும் என்று ஒரு தெருவோர வியாபாரி அவரிடம் சொன்னாராம். தொகை ஒன்றுதான், ஆனால் அன்றாடம் வருகிற வருவாய்க்கும் மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் தவணைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒளிப்படத் தொழிலிலும் அப்பள்ளம் உண்டு, வேறு வடிவில். நம்மவருக்கு ஆடி, கன்னடர்களுக்கு ஆஷாடம், இருவருக்கும் பொதுவாக மார்கழி என்று ஆண்டில் சில மாதங்கள் திருமணமே இல்லை. போதாததற்கு, ஆல்பம் கைக்கு வந்த பிறகே மீதித் தொகை தரும் வழக்கமும் இருக்கிறது. மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை என்ற தவணை, சம்பளக்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது.

கடனுக்கு வழி இல்லாமல் இல்லை. 2015 ஏப்ரலில் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், ‘சிசு’ பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். சிறிய பெட்டியும் ஒரு நல்ல ஃபிளாஷும் அதற்குள் அடங்கும். ஆனால் கடைக்காரர் மேசையிலேயே ‘வட்டியில்லாத் தவணை’ என்ற வாசகம் மின்னும்போது வங்கிக் கிளைக்கு நடப்பதற்கு யாருக்கு மனம் வரும்? பூச்சிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வட்டி விலையிலோ, நீங்கள் இழக்கும் தள்ளுபடியிலோ, செயற்பாட்டுக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டாலே உண்மை வெளிப்படும். கடன் அட்டையில் வாங்கித் தவணை தவறினால் ஏறும் வட்டியை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியவை சில. ரசீது உங்கள் தொழிற்பெயரில் இருக்கட்டும்; ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு அதனால்தான் கிடைக்கும். பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா என்று பாருங்கள். பழைய வகைகளைவிடச் சற்றுக் கனமாயினும் பல மடங்கு அதிக முறை சார்ஜ் ஏற்றத் தாங்கும், வெப்பத்துக்கும் எளிதில் கலங்காது. ஆயினும் வெயிலில் நிறுத்திய காரில் பூட்டி வைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரின் மாலை மழை சொல்லாமல் வரும்; இப்பெட்டிகளுள் பெரும்பாலானவை மழைக்கு ஆகாதவை. வேலையில்லா மாதங்களில் பாதி சார்ஜில் வைத்து அவ்வப்போது ஏற்றிவிடுங்கள். வெளியூர் வேலைக்கு விமானத்தில் செல்பவர்கள் இதை மறக்கவே கூடாது: 100 வாட்-மணி வரையிலான பேட்டரிகளைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம், 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணிகளுக்கு அனுமதியே இல்லை. ஆகவே 300 வாட்-மணி கொண்ட சிறிய பவர் ஸ்டேஷனும் பெங்களூர் விமான நிலையத்தைத் தாண்டாது. கோவாவிலோ கொச்சியிலோ வேலை என்றால் அங்கேயே வாடகைக்குச் சொல்லிவையுங்கள், அல்லது ரயிலையோ காரையோ நம்புங்கள். வீட்டுக்கு எடுத்த காப்பீடு தொழிற்கருவிகளுக்குச் செல்லும் என்றும் எண்ணிவிட வேண்டாம்; பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

கிளைக்கு வரும்போது விலைப்பட்டியலோடு கடந்த இரண்டாண்டு முன்பதிவு நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்த மாதத்தில் எத்தனை வேலை, எவ்வளவு முன்பணம், மீதி எப்போது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். வங்கிக் கணக்கு அறிக்கை சொல்லாத பலவற்றை அந்த நோட்டு சொல்லும். அதைப் பார்த்து, முகூர்த்த மாதங்களில் 2,000 ரூபாய், ஆடியிலும் மார்கழியிலும் வட்டி மட்டும் என்பது போலத் தவணையை அமைத்துத் தரும் துணிவு கிளை மேலாளர்களுக்கு வேண்டும். பயிர்க்கடனை அறுவடைக்கு ஏற்ப வகுத்துப் பழகிய வங்கிகளுக்கு இது புதிய பாடம் அன்று. முப்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு மெனக்கெடுவதா என்று கேட்கும் அதிகாரிகளும் இருக்கக்கூடும். அவர்களுக்கு, அதே ஸ்டுடியோக்காரர் அடுத்த ஆண்டு கேமராவுக்கும் அதற்கடுத்த ஆண்டு கடையை விரிவாக்கவும் எந்த வங்கிப் படியேறுவார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.