பதில் வராத பக்கம் யார் இருக்கிறார்கள்?

“பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் ஈடுபாடே காட்டுவதில்லை. கேமராவை அணைத்துவிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது.” அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடு இல்லாமல் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. குறை உண்மைதான். ஆனால், பதில் சொல்லாத அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கிராமத்துத் தலித் குடியிருப்பிலிருந்து படிக்க வரும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்தத் தீர்ப்பு வெறும் சொல்லாக நிற்பதில்லை. அது வருகைப் பதிவாகிறது, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணாகிறது, கடைசியில் கிடைக்காமல் போன சான்றிதழாகிறது.

கொரோனாவோடு முடியவில்லை

ஆன்லைன் வகுப்பெல்லாம் கொரோனாவோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போகவில்லை. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் கொரோனாவுக்கு முன்பே, 2017-இல் வந்துவிட்டது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகவே படித்து, அந்த மதிப்பீட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் பல திறன் படிப்புகள் இணையவழியில் நடக்கின்றன. தொலைநிலைக் கல்வியும் திரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே, யார் இந்த வகுப்புக்குள் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பது இன்றைய கேள்வி.

பொதுமுடக்கக் காலம் இதற்கு ஒரு பதிலைத் தந்தது. பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏறக்குறைய 1,400 பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. பின்தங்கிய குடியிருப்புகளை மையப்படுத்திய அந்த ஆய்வில், கிராமப்புறங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்த பிள்ளைகள் 8 விழுக்காடுதான். தலித், பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்தால் அது 4 விழுக்காடாகக் குறைந்தது; கிராமத்தின் மற்றப் பிள்ளைகளில் அது 15 விழுக்காடு. ஒரே கிராமம், ஒரே டவர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரம் அங்கேயும் அப்படியே இருந்தது.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இருந்த கிராமத்து வீடுகளில்கூட 15 விழுக்காடு பிள்ளைகள்தான் ஒழுங்காகப் படித்தார்கள். போன் அப்பாவோடோ அண்ணனோடோ வேலைக்குப் போய்விடுகிறது. ஆக, போன் கொடுத்தால் போதும், நெட் கொடுத்தால் போதும் என்பது பாதி உண்மை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா வழங்கியது. நல்ல காரியம். ஆனால், அந்த 2 ஜிபியை உட்கார்ந்து செலவழிக்க ஓர் இடமும் ஒரு மணி நேர அமைதியும் அதோடு சேர்ந்து வருவதில்லை.

இடத்தையும் நீயே கொண்டுவா

சாத்தாராவில் பள்ளியில் படித்த காலத்தில், அண்ணல் அம்பேத்கர் உட்காருவதற்கு வீட்டிலிருந்து ஒரு சாக்குத்துணி கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளியைச் சுத்தம் செய்கிறவர் அதைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி இடம் கொடுத்தது. அவரிடம், இடத்தையும் நீயே கொண்டுவா என்றது.

பொதுப் பள்ளிக்கூடமும் அரசுக் கல்லூரியும் நமக்குச் செய்த பெரிய உதவி, அந்தச் சாக்குத்துணியை ஒழித்ததுதான். பெஞ்சு அரசுடையது, விளக்கு அரசுடையது, கூரை அரசுடையது. பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் அந்த ஐந்து மணி நேரமாவது ஒரே மின்விசிறிக்குக் கீழே இருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு அந்தப் பொது இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வீடே வகுப்பறை என்றால், வீட்டின் ஏற்றத்தாழ்வும் வகுப்பறைக்குள் வந்துவிடும். ஓர் அறையும் ஒரு திண்ணையும் உள்ள தொகுப்பு வீட்டில் ஐந்து பேர். சுவர் காரை பெயர்ந்திருக்கும், வெளியே ஒலிபெருக்கி பாடும், தம்பி அழுவான். அந்த நேரத்தில் ஆசிரியர், “கேமராவைப் போடு” என்கிறார். பிள்ளை மறைப்பது தன் முகத்தை அல்ல, தன் வீட்டை. மைக்கை அணைத்து வைப்பதற்கும் அதுவே காரணம். தன் பேச்சு வழக்கு எந்தத் தெருவைக் காட்டிக்கொடுக்குமோ என்ற தயக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த மௌனத்தை ஈடுபாடின்மை என்று எழுதினால் ஆசிரியர் பிள்ளையைத் தவறாகப் படிக்கிறார் என்று பொருள்.

திரைக்குச் சாதி தெரியும்

திரைக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று சொல்கிறவர்கள், 2021 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் ஆன்லைன் வகுப்பில், பேராசிரியர் ஒருவர் மாணவர்களை இழிவாகத் திட்டினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. பிறகு அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நான்கு சுவருக்குள் நடந்திருந்தால், “அப்படிச் சொல்லவே இல்லை” என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இழிவு திரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சாட்சியும் சேர்ந்தே வந்தது.

பெரிய நிறுவனம் வரை போக வேண்டியதில்லை. கல்வி உதவித்தொகைக்குச் சான்றிதழ் தராதவர்கள் பட்டியலைச் சாதிப் பிரிவோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது சாதாரண வழக்கமாகிவிட்டது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் யார் என்ன சாதி என்பது அந்த ஒரு பதிவில் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தக் குழுவில் சந்தேகம் கேட்க அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கை வரும்? முகப்புப் படத்தில் அம்பேத்கரை வைத்திருக்கும் மாணவர், குழுவில் சேர்வதற்கு முன் படத்தை மாற்றலாமா என்று யோசிக்கிற நிலை இருக்கும்வரை, ஈடுபாடு இல்லை என்று பேச நமக்கு உரிமை இல்லை.

ஆசிரியர் செய்யக்கூடியவை

கற்பித்தல் என்பது காணொளியை ஏற்றிவிடுவதோடு முடிவதில்லை. அது பிள்ளையைத் தேடிப் போவது. இதற்குப் பெரிய செலவில்லை.

முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, போன் யாருடையது, எந்த நேரம் கையில் இருக்கும், எங்கே டவர் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு மாத வகுப்பைவிட அதிகமாக ஆசிரியரையும் மாணவரையும் நெருக்கமாக்கும். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். குரலில் பதில் சொல்ல முடியாதவர் எழுதிச் சொன்னால் அதையும் வருகையாகக் கணக்கிடுங்கள். ஒரு மணி நேர நேரலைக்குப் பதிலாகப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பாடத்தைப் பதிவுசெய்து, அதன் ஒலி வடிவத்தையும் இரண்டு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால், அப்பா வேலையிலிருந்து போனோடு திரும்பிய பிறகு இரவு ஒன்பது மணிக்கும் படிக்கலாம்.

பாடத்தைப் பிள்ளையின் வாழ்க்கையோடு இணையுங்கள். கணக்குப்பதிவியலுக்கு அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கு நோட்டு நல்ல பாடப்பொருள். புள்ளியியலுக்கு நூறு நாள் வேலையின் கூலிக் கணக்கு போதும். ஆங்கிலத்தில் நடக்கும் பாடமென்றால் வாரத்தில் அரை மணி நேரம் தமிழில் சந்தேகம் தீர்க்க ஒதுக்குங்கள். ஆங்கிலம் வராததைப் பாடம் வராததாக நினைத்து ஒதுங்கிப்போன நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். உதவித்தொகை விவரங்களைத் தனிச்செய்தியில் மட்டும் அனுப்புங்கள்.

நிறுவனத்தின் கடமை

ஆசிரியரின் நல்ல மனதை மட்டுமே நம்பி இதை விட்டுவிட முடியாது. இணையவழிப் பாடத்தைக் கட்டாயமாக்கும் கல்லூரி, மாலை ஆறு மணிக்குக் கணினி ஆய்வகத்தைப் பூட்டக்கூடாது. ‘சமூகநீதி விடுதிகள்’ என்று 2025-இல் பெயர் மாறிய ஆதிதிராவிடர் நல விடுதிகளில், பெயர்ப்பலகையோடு வைஃபையும் நல்ல கணினிகளும் படிப்பு அறையும் வர வேண்டும். கிராம நூலகங்களை இரவு வரை திறந்து வைக்க வேண்டும்.

இது சலுகை கேட்பதல்ல. விடுதியில் கைப்பேசி பயன்படுத்த விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பாடம் இணையத்தில் இருக்கிறது என்றால், இணையம் மாணவரின் உரிமையே.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பி, தங்கைகளே, விதிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ‘என்.பி.டெல்’ படிப்புகளில் சேரவும் படிக்கவும் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது விடாமல் கேளுங்கள். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். போன் கிடைக்காமல் இரண்டு வாரம் தவறினால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். ஒரே படிப்பை ஒரே ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து எடுங்கள். ஒரு போனில் ஐந்து பேர் பார்க்கலாம், ஒருவர் புரிந்துகொண்டதை நால்வருக்குச் சொல்லலாம். குழுவில் யாராவது சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பதிலுக்குத் திட்டாமல் திரைப்பதிவு எடுத்து வைத்து, எழுத்தில் புகார் கொடுங்கள்.

காலனியில் படித்து முடித்த இளைஞர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், பிள்ளைகள் உட்கார இடமில்லாத காலத்தில் இடத்தை உண்டாக்கினார். நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் நடந்த இரவுப் பாடசாலைகளும் அதையே செய்தன. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் குடியிருப்புக்குள்ளேயே மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மன்றக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு விளக்கு, ஒரு பழைய மடிக்கணினி, பொதுவில் ஒரு நெட் இணைப்பு, வாரம் மூன்று மாலை வந்து உட்கார ஓர் அக்கா அல்லது அண்ணன். இவ்வளவும் இருந்தால் அது கல்லூரியின் கிளை.

வரும் பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கணக்கு எடுக்கட்டும். இணையவழிப் படிப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், பாதியில் நின்றவர்களில் தலித், பழங்குடி மாணவர் எத்தனை பேர் என்று பெயர் வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நின்றுபோனவர்களை அழைத்து ஏன் என்று கேட்கட்டும். அந்தக் கணக்கை எடுக்க மறுக்கும் கல்லூரிக்கு, பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை என்று சொல்லும் தகுதியும் கிடையாது.